திரையில் ஒரு சிவப்பு, கையில் ஒரு சிவப்பு

மும்பை மாதுங்காவில் வசிக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர், முத்ரா திட்டத்தின் கீழ்க் கடன் பெற்று, கைத்தறிப் புடவைகளை இணையவழியே விற்று வருகிறார். சென்ற ஆண்டு அவரிடமிருந்து நம் இதழுக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரே மாதத்தில் நான்கு புடவைகள் அவரிடமே திரும்பிவிட்டன. நெசவில் குறையில்லை, கிழிசல் இல்லை, கறையும் இல்லை. நான்கிலும் ஒரே புகார்தான்: படத்தில் கண்ட நிறம் இதுவன்று. போன கூலி, வந்த கூலி இரண்டும் அவர் தலையில் விழுந்தன. அந்த மாதத் தவணைக்கென எடுத்துவைத்திருந்த தொகையில் ஒரு பகுதி கூரியருக்குப் போயிற்று. “ஒரு நிறத்தைக் காட்டி வேறொன்றை விற்கும் பழக்கம் எனக்கில்லை. கைப்பேசிதான் மாற்றிக் காட்டுகிறது. வாங்குபவர்களோ என்னை ஏமாற்றுக்காரி என்கிறார்கள். இதற்கு ஏதேனும் வழி உண்டா?” என்று அவர் கேட்டிருந்தார்.

நாகரிகம் கருதி அவர் எழுதாமல் விட்ட ஒன்றை நாம் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, சிறுதொழில் முனைவோர் பகுதியில் அவருடைய புடவை ஒன்றின் படத்தை நாம் வெளியிட்டிருந்தோம். புடவை மாதுளைச் சிவப்பு. அவர் அனுப்பிய படத்தில் அது செங்கல் நிறமாக இருந்தது. நம் இதழில் அச்சானபோது ஏறத்தாழக் காப்பிக் கொட்டை நிறமாகிவிட்டது. ஆகவே அவர் கேள்விக்கு விடை தேடும் கடமை நமக்கும் இருந்தது.

நேரில் சென்று பார்த்தோம். புடவைகளை அவர் படமெடுக்கும் இடம் வீட்டின் உள்ளறை. சுவருக்கு இளம்பச்சை வண்ணம். மேலே ஓர் எல்இடி குழல்விளக்கு, பக்கவாட்டில் மஞ்சள் ஒளி தரும் பழைய குண்டு பல்பு, அரைவாசி திறந்த சன்னலிலிருந்து சிறிது பகல் வெளிச்சம். மூன்று விதமான ஒளி ஒரே துணியின்மீது மூன்று பக்கத்திலிருந்து விழுகிறது. பச்சைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளி நான்காவது. கட்டிலின்மீது விரித்திருந்த புடவையை அவருடைய மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “இதை ஏன் உள்ளே வைத்துப் பார்க்கிறீர்கள்? வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்காமல் எங்கள் காலத்தில் ஒருத்தியும் புடவை வாங்கினதில்லை” என்றார். நாம் அதன்பின் படித்தறிந்த செய்திகளெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதிய உரை என்றே சொல்லலாம்.

துணிக்குத் தனக்கென்று நிறம் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் துணி செய்வது, தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை உள்வாங்கிக்கொண்டு எஞ்சியதைத் திருப்பி அனுப்புவது மட்டுமே. விழும் ஒளி மாறினால் திரும்பும் ஒளியும் மாறும். மஞ்சள் பல்பின் ஒளி ஏறத்தாழ 2700 கெல்வின் என்று குறிக்கப்படுகிறது. நண்பகல் வெயில் 5500 அளவில் நிற்கும். மேகம் மூடிய வானம் 6500-ஐயும் கடக்கும். எண் ஏற ஏற ஒளியில் நீலம் மிகும். இவ்வளவு பெரிய வேறுபாட்டை நாம் உணராதிருப்பதற்குக் காரணம் நம் கண்ணும் மூளையும் செய்யும் சமரசம். பல்பின் ஒளியிலும் வெள்ளைத் தாளை நாம் வெள்ளையென்றே காண்கிறோம். கைப்பேசியின் கேமராவும் இந்தச் சமரசத்தைப் போலி செய்ய முயல்கிறது. ஆனால் அது ஊகத்தால் இயங்குவது. படத்திலுள்ள நிறங்களையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் சாம்பல் நிறம் வரவேண்டும் என்பது அத்தகைய ஊகங்களுள் பழைமையானது. படம் முழுவதையும் ஒரு சிவப்புப் புடவை அடைத்துக்கொண்டால், அறையின் ஒளியே சிவப்பு என்று கேமரா தவறாகக் கருதிச் சிவப்பைக் குறைத்துவிடுகிறது. மாதுளை செங்கலானது இப்படித்தான். மலிவான எல்இடி விளக்குகளில் ஆழ்ந்த சிவப்புப் பகுதி ஒளி குறைவாக இருப்பதும் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது.

அந்தப் புடவை கர்நாடகத்தின் இல்கல் ஊரைச் சேர்ந்தது. உடல் பருத்தி, முந்தானை பட்டு அல்லது செயற்கைப் பட்டு. இரண்டின் பாவையும் கண்ணி கண்ணியாகக் கோத்து இணைப்பது அவ்வூர் நெசவின் சிறப்பு. பருத்திக்கு ஒரு சாயம், பட்டுக்கு வேறு சாயம். கடையின் விளக்கொளியில் முந்தானையின் சிவப்பும் உடலிலுள்ள சிவப்பு இழையும் ஒன்றே போலத் தோன்றும். வெயிலில் பிரிந்து நிற்கும். இரு சாயங்கள் ஒளியைத் திருப்பும் முறை வெவ்வேறாயிருந்தும், ஒரு குறிப்பிட்ட ஒளியில் மட்டும் கண்ணுக்கு ஒன்றாகிவிடுவதால் நேர்வது இது. பிளவுசுத் துணி தேடிக் கடைவீதி முழுதும் அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்ணையே ஏமாற்றும் இந்த விளையாட்டில் கேமராவின் நிலை இன்னும் மோசம். அதன் உணர்விகள் மனிதக் கண்ணைப் போல் பார்ப்பவையல்ல.

அப்படியானால் ஒரு நிறத்தை எவ்வாறுதான் ‘இதுவே’ என்று நிலைநிறுத்துவது? பெயர் போதாது என்பதை எவரும் அறிவர். அரக்கு என்று நம் வாடிக்கையாளர் எழுதினால், விற்பனைத் தளத்தின் நிறப்பட்டியலில் ‘மெரூன்’ என்ற ஒரே கட்டம்தான் இருக்கிறது. வாங்குபவர் மனத்தில் மூன்றாவதாக ஒன்று. நம் கையிலுள்ள 100 ரூபாய் நோட்டின் நிறத்தை ரிசர்வ் வங்கி ‘லாவெண்டர்’ என்கிறது. அந்த மலரைக் கண்ணால் கண்டிராதவருக்கும் நோட்டு கையில் இருப்பதால் குழப்பமில்லை. பொருளைக் காட்டாமல் பெயரை மட்டும் சொல்லும்போதுதான் சிக்கல்.

இதற்கு மிகச் சிறந்த விடையை நம் நாடு பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துணியின் பொருட்டு எழுதிவைத்திருக்கிறது. அது நம் தேசியக் கொடி.

இந்தியத் தர நிர்ணய நிறுவனம் வகுத்த தரங்களில் முதலாவது எண்ணைத் தாங்கி நிற்பது கொடிக்கான தரம். 1951-இல் எழுதப்பட்டு, மெட்ரிக் அளவுக்காக 1964-இலும் பின்னர் 1968-இலும் திருத்தப்பட்டது. அது காவியைப் பூவோடும் கனியோடும் ஒப்பிட்டு விளக்கவில்லை, எண்களால் சொல்கிறது. 0.538, 0.360, 0.102 என்ற மூன்று எண்கள் காவியின் நிறத்தன்மையைக் குறிக்கின்றன, 21.5 என்பது அதன் ஒளிர்வு. வெள்ளைக்கு ஒளிர்வு 72.6. பச்சைக்கு 8.9. இந்த எண்கள் எந்த ஒளியின்கீழ் அளக்கப்பட வேண்டும் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது: பகல் வெளிச்சத்துக்கு நிகராக வரையறுக்கப்பட்ட ‘சி’ என்னும் தர ஒளி. ஒளியைச் சொல்லாமல் நிறத்தைச் சொல்வது, நாணயத்தின் பெயரைச் சொல்லாமல் தொகையைச் சொல்வது போன்றது என்று அதை எழுதியவர்கள் அறிந்திருந்தனர். கர்நாடகத்தின் ஹுப்பள்ளியை அடுத்த பெங்கேரியில் இத்தரத்துக்குட்பட்டுக் காதிக் கொடிகள் உருவாகின்றன.

எண்களின் ஊற்றுக்கண் எங்கே என்று கேட்கலாம். 1920களின் இறுதியில் இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்னும் இருவர் தனித்தனியே ஒரு சோதனை செய்தனர். ஒரு பக்கம் ஒரு நிற ஒளி. மறுபக்கம் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளை வேண்டியவாறு கூட்டிக் குறைத்து அதற்கு இணை செய்ய வேண்டும். ரைட்டின் சோதனையில் 10 பேர், கில்டின் சோதனையில் 7 பேர். அந்தப் 17 பேரின் கண்களிலிருந்து ‘சராசரி மனிதக் கண்’ ஒன்று கணக்கிடப்பட்டு, 1931-இல் சிஐஇ எனப்படும் பன்னாட்டு ஒளியியல் ஆணையத்தால் ஏற்கப்பட்டது. கொடியின் எண்கள் அந்த வழியில் வந்தவை. உங்கள் கைப்பேசித் திரை நிறங்களை எண்களாகக் கையாள்வதும், பெயிண்ட் கடையில் டப்பாவுக்குள் சொட்டுச் சொட்டாகச் சாயம் கலக்கும் இயந்திரம் நிறம் பார்ப்பதும் அந்தக் கண்ணால்தான்.

கொடியின் நிறத்தைத் திரைக்குக் கொண்டுவரும்போது என்ன நேர்கிறது என்று நாமே கணக்குப் போட்டுப் பார்த்தோம். திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 255 வரை தரப்படும் எண்களால் அமைகிறது. கொடியின் காவிக்கென இணையத்தில் பெரிதும் வழங்கிவரும் எண்கள் 255, 153, 51. சுதந்திர தின வாழ்த்துப் படங்களில் நீங்கள் காணும் அந்தப் பளபளப்பான ஆரஞ்சு இதுதான். தரத்தின்படி காவித் துணி, அதே கொடியின் வெள்ளைத் துணி திருப்பும் ஒளியில் சுமார் 30 விழுக்காட்டையே திருப்ப வேண்டும், 21.5-ஐ 72.6-ஆல் வகுத்தால் கிடைப்பது அது. மேற்சொன்ன குறியீடோ திரையின் வெள்ளையோடு ஒப்பிடுகையில் 44 விழுக்காடு ஒளிர்கிறது. மஞ்சள் சாயலும் தரத்தில் உள்ளதைவிட மிகுதி. 255, 103, 31 என்று இன்னொரு குறியீடும் வழங்குகிறது. அது சுமார் 31 விழுக்காடு. கொடியருகே அதுவே பொருந்தி நிற்கும். பச்சையிலும் இதே கதை. தரம் சொல்வது 12 விழுக்காடு. பரவலான 19, 136, 8 என்ற குறியீடு தருவது 18. அவ்வளவாக அறியப்படாத 4, 106, 56 தருவது 11 அளவில்.

ஒரு நாட்டின் கொடிக்கே, அதுவும் நான்கு எண்களில் எழுதிவைத்த நிறத்துக்கே, திரையில் இந்த நிலைமை. முதற் குறியீட்டைப் பரப்பியவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று நாம் கூற வரவில்லை. ஒளிரும் திரையில் காதித் துணியின் அடக்கமான நிறம் மங்கலாகத் தோன்றும். ‘இன்னும் சற்றுப் பளிச்சென்று’ என்று கை தானே நகரும். விற்பனைப் படங்களிலும் அந்தக் கை நகர்வதைத்தான் காண்கிறோம். புடவைப் படத்தைப் பளிச்சிட வைப்பவர் அன்று ஒரு வாடிக்கையாளரைக் கூடுதலாகப் பெறுகிறார். அடுத்த வாரம் அந்தப் புடவையையும் திரும்பப் பெறுகிறார்.

மாதுங்காவுக்கு மீள்வோம். அங்கே செய்த மாற்றங்களுக்குப் பெரும் செலவில்லை. முதலில் படமெடுக்கும் இடம் மாறியது: வடக்குப் பார்த்த சன்னலருகே, நேர்வெயில் படாத இடத்தில், உள்விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டு. பச்சைச் சுவரின் பக்கம் வெள்ளைத் துணியொன்று தொங்கவிடப்பட்டது. காலை பத்து மணிக்குமேல், பிற்பகல் மூன்று மணிக்குள் மட்டுமே படம்.

அடுத்தது கேமராவுக்கு ஒரு சான்று தருவது. நிறச் சாயலே இல்லாத ஒரு பொருளைப் புடவையின் ஓரத்தில் வைத்துப் படமெடுத்தால், ‘இது சாம்பல், அல்லது இது வெள்ளை’ என்று பிறகு செயலியில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டலாம். மற்ற நிறங்கள் அதைப் பின்பற்றித் தம் இடத்துக்கு வந்துவிடும். புகைப்படக் கடைகளில் இதற்கென்றே சாம்பல் அட்டை கிடைக்கிறது. வீட்டிலிருக்கும் வெள்ளைத் தாளே போதாதா என்று நாமும் கேட்டோம். போதாது. தாளை வெண்மையாகக் காட்டுவதற்கு ஆலையில் சேர்க்கும் பொருள்கள், கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்புகின்றன. சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டியின் வெண்மையும் நீலம் கலந்தது. அவற்றை வெள்ளையென்று நம்பும் செயலி, படம் முழுவதையும் மஞ்சள் பக்கம் தள்ளிவிடும். ரூபாய் நோட்டையும் யாரும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கைமாறிக் கைமாறி அதன் நிறம் எப்படியிருக்குமென்று காசாளர்களைக் கேட்டால் தெரியும். மலிவான மாற்று ஒன்றுண்டு. குழாய் வேலை செய்பவர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடா. அதைப் பல அடுக்காக ஓர் அட்டையில் சுற்றிவைத்தால், எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழச் சமமாகத் திருப்பும் நல்ல வெள்ளை கிடைத்துவிடுகிறது. ஆய்வகங்களில் வெண்மைக்கு அளவுகோலாக வைத்திருக்கும் விலையுயர்ந்த தகடுகளும் அதே பொருளால் ஆனவைதாம். சிறிது பொருள் செலவிட இயன்றவர்கள் 24 நிறக் கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டையை வாங்கலாம். 1976 முதல் புகைப்படக் கலைஞர்கள் கையாண்டுவரும் அளவுகோல் அது.

படத்திலிருந்து நிறத்தின் எண்ணை எடுக்கும்போது ஒரே புள்ளியைத் தொட்டு எடுப்பது தவறு. துணி என்பது மேடும் பள்ளமுமான இழைகளின் கூட்டம். ஒரு புள்ளி வெளிச்சத்தில் இருக்கும், அடுத்தது நிழலில். மடிப்பில்லாத பகுதியில் விரலகல இடத்தின் சராசரியை எடுக்க வேண்டும். மயில்கழுத்து நிறப் புடவைக்கு அதுவும் உதவாது. பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறு நிறம். பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறுவதுதான் அதன் அழகு. அதற்கு ஓர் எண்ணைத் தேடுவது வீண்வேலை. இரு கோணங்களில் இரு படங்களும், மெதுவாகத் திருப்பிக் காட்டும் சிறு காணொளியும் இட்டால் நேர்மையாக இருக்கும்.

இவ்வளவும் செய்தபின் எஞ்சுவது வாங்குபவரின் திரை. அது விற்பவர் கையில் இல்லை. 1990களின் நடுவில் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் வகுத்த எஸ்ஆர்ஜிபி என்னும் பொது மொழியில் படத்தைச் சேமித்தால், பெரும்பாலான திரைகள் அதை ஏறக்குறைய ஒன்றுபோல் படிக்கும். ஆனால் அந்த மொழியில் சில சொற்களே இல்லை. சில பச்சைநீலங்களும் சில அடர்ந்த சாய நிறங்களும் அதன் எல்லைக்கு வெளியே நிற்பவை. அவற்றை எந்தக் கேமராவும் எந்தத் திறமைசாலியும் அந்தத் திரையில் முழுமையாகக் காட்ட இயலாது. அத்துடன், பல கைப்பேசிகளில் திரை ‘விவிட்’ என்ற அமைப்பில் நிறங்களைக் கூட்டிக் காட்டுகிறது. இரவில் கண்ணைக் காக்கும் அமைப்பு எல்லாவற்றின்மீதும் மஞ்சள் பூசிவிடுகிறது. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி புடவை தேர்ந்தெடுப்பவர்கள் குறைவல்லர் என்று நம் வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனவே அவர் தம் விற்பனைப் பக்கத்தில் மூன்று வரிகளைச் சேர்த்திருக்கிறார். படம் பகல் வெளிச்சத்தில், நிறம் சரிபார்க்கப்பட்டு எடுக்கப்பட்டது. கண்காப்பு அமைப்பை அணைத்துவிட்டுப் பார்க்கவும். நிறம் உறுதியாகத் தெரியவேண்டுவோர் கேட்டால், அதே சாயத்தில் தோய்ந்த நூல் துண்டு அஞ்சலில் அனுப்பப்படும். மூன்றாவது வரியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் இல்கலின் நெசவாளரே. சாயப்பட்டறைகளில் ஷேடு கார்டு என்று நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டிவைத்திருப்பார்கள். எண்களும் திரைகளும் வருமுன்பே வணிகம் நம்பியிருந்த ஆவணம் அது. திருமணத்துக்கென மொத்தமாக வாங்குபவர்களே பெரும்பாலும் நூல் கேட்கிறார்கள். புடவைகள் திரும்பி வருவது அறவே நின்றுவிடவில்லை. நிறத்துக்காக வருவது குறைந்திருப்பதாகச் சொல்கிறார். தவணை தவறவில்லை என்பதைக் கிளையில் உள்ளவர்கள் உறுதிசெய்யட்டும். நாம் கணக்கைப் பார்க்கவில்லை.

நம் பங்குக்கு, அந்த மாதுளைச் சிவப்புப் புடவையை இந்த இதழின் அட்டையில் மீண்டும் வெளியிடுவதென்று முடிவு செய்தோம். இம்முறை படத்தோடு நூல் துண்டும் அச்சகத்துக்குச் சென்றது. திரையின் சிவப்பு ஒளியால் ஆனது. அச்சின் சிவப்பு தாளில் படியும் மையால் ஆனது. இரண்டின் எல்லைகளும் வேறு. முதல் மாதிரி ஆரஞ்சாக வந்தது, இரண்டாவது இருண்டது, மூன்றாவதில் புடவை சரியாகிச் சரிகை பச்சையடித்தது. நான்காவதை நம் அலுவலகச் சன்னலருகே நூல் துண்டோடு வைத்துப் பார்த்து ஒப்புக்கொண்டு, ஒரு படியை மாதுங்காவுக்கும் அனுப்பினோம். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் அட்டையும் மறுகையில் புடவையுமாகப் பால்கனிக்குப் போனாராம். உடல் சரி, முந்தானை மட்டும் ஒரு நூல் வெளுப்பு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.